விமானம் எங்கே வந்து நிற்கட்டும்?

எவனாவது ஒரு பொருளைச் சும்மா கொடுக்கிறேன் என்றால் நான் முதலில் என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். வயசெல்லாம் லாரி ஓட்டினவனுக்கு அது தானாக வந்துவிடும். அதனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மகள் ஓடிவந்து, "அப்பா, அம்மாவைக் கூட்டிட்டுப் போக ஒரு தனி விமானம் கெடச்சிருக்கு, காசு எதுவும் வேணாமாம்" என்று சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

"யாரு அவன்? நம்மகிட்ட அவனுக்கு என்ன வேணுமாம்?" என்றேன்.

முந்தின நாள்தான் என் மனைவி ஈரத்துணி வாளியோடு மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் ஒரு சில்லு பெயர்ந்து நரம்பின் மேல் உட்கார்ந்துகொண்டது. இரண்டு காலும் விரலிலிருந்து மேல்நோக்கி மரத்துக்கொண்டே வந்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். எனக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. அவர் சொன்னது மட்டும் விளங்கியது. இந்த ஆபரேஷனில் கை தேர்ந்தவர் வேறு ஒரு நகரத்தில் இருக்கிறார். இன்றைக்குள் அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால் கால் பிழைக்கும். நாளைக்கு என்றால் யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

"போற வழியில உடம்பு சாயக்கூடாது, மடங்கக்கூடாது, திரும்பக்கூடாது" என்றார் டாக்டர். "தட்டு நெறையத் தண்ணி ஊத்தி ஏந்திட்டுப் போறீங்கன்னு நெனச்சுக்குங்க."

ரோடு வழி என்றால் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகும். பொதுஜன விமானத்தில் படுக்கை போட வேண்டுமானால் முன்கூட்டியே சொல்ல வேண்டுமாம். நோயாளிகளுக்கென்றே பறக்கிற விமானத்துக்கு விலை கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டோம். அந்த நேரத்தில்தான் மகள் இந்தச் சேதியோடு வந்தாள்.

அவளுக்குப் பணக்காரர்களுக்குத் தனி விமானம் ஏற்பாடு செய்துகொடுக்கிற ஆபீசில் வேலை. யாரோ ஒரு முதலாளி மத்தியானம் நம் ஊரில் வந்து இறங்குகிறாராம். அவரை இறக்கிவிட்டு விமானம் காலியாக அந்த நகரத்துக்கே திரும்பிப் போகிறதாம். இவள் கேட்டிருக்கிறாள், அவரும் சரி என்றிருக்கிறார்.

"ரிட்டர்ன் லோடுப்பா. உங்க பாஷையிலேயே சொல்றேன்."

"ரிட்டர்ன்ல எவன் சும்மா ஏத்துவான்? நான் ஏத்தினதே இல்லியே."

"நீங்க ஏத்தல. அவரு ஏத்துறாரு. அவ்வளவுதான்."

அதற்குள் அவள் கையிலிருந்த போன் அடித்தது. விமான ஓட்டி பேசினார். எனக்கும் கேட்கட்டும் என்று மகள் சத்தமாக வைத்தாள். கட்டைக் குரல், அவசரமே இல்லாத பேச்சு. "முதலாளிக்கு நடு ஊர்லதான் வேலை, அவருக்கு எந்த ஏர்போர்ட்டும் ஒண்ணுதான். உங்களுக்கு எது வசதி? விமானம் எங்க வந்து நிக்கட்டும்?"

நான் வாயைப் பிளந்துவிட்டேன். ஆட்டோக்காரனைக் கூப்பிட்டால் அவன் சந்து முனைக்கு மேல் வர மாட்டான். வானத்தில் போகிற ஒன்று, எங்கே வந்து நிற்கட்டும் என்று என் மகளைக் கேட்கிறது.

"கொஞ்ச நேரத்துல சொல்றேன் சார்" என்று போனை வைத்தாள்.

எங்கள் ஊர் பெரிய ஊர். தனி விமானம் வந்துபோக இரண்டு இடம் உண்டு. ஒன்று சின்னது, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கிடங்குகள் இருக்கிற பக்கம், கூப்பிடு தூரம். இன்னொன்று ஊரே போகிற பெரிய விமான நிலையம். அதன் ஒரு ஓரத்தில் தனி விமானத்துக்கென்று தனி வாசல். ஆனால் அது ஊரின் மறுகோடியில். அத்தனை பாலத்தையும் அத்தனை சிக்னலையும் தாண்ட வேண்டும். மகள் பெரிய இடம்தான் என்றாள்.

"உனக்கு மூளை கீளை கழண்டுபோச்சா? பக்கத்துல ஒண்ணு இருக்கும்போது அவளை ஊரெல்லாம் இழுத்துட்டுப் போகணுமா?"

"ரோட்டுல மெதுவாப் போயிடலாம்ப்பா. ஏத்துறதுதான் சிக்கல். சின்ன எடத்துல, ஸ்ட்ரெச்சரோட மேல தூக்கிவிடுற தூக்கி வண்டி கெடையாது. அம்மாவைப் படிக்கட்டு வழியாத்தான் ஏத்தணும்."

"நாலு ஆம்பள இல்லியா அங்க?"

"ஆளு இருந்தாப் பத்தாதுப்பா."

"பெரிய எடத்துக்குப் போனா உன் ஆபீசுக்கு ஏதும் வருதா?"

கேட்ட பிறகு எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. தாயைப் போலவே உதட்டை மடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கதான் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடப் போறீங்க. போய் உங்க கண்ணால பாத்துட்டு வாங்க. அங்க இருக்கிற சூப்பர்வைசருக்குச் சொல்லிவைக்கிறேன். நீங்க எங்க சொல்றீங்களோ அங்கேயே வரச் சொல்றேன். ஆனா அவரு அங்கேருந்து கெளம்புறதுக்குள்ள சொல்லிடணும்."

மச்சானைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். என் மனைவியின் தம்பி. மின்விசிறி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கடைக்குக் காற்று வருகிறதோ இல்லையோ, உடம்பு மட்டும் ஊதிக்கொண்டே போகிறது. அவனுடைய ஓட்டை வேனில் பின்சீட்டு முழுக்க விசிறி இறக்கைகள். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கலகலவென்று சிரித்தன.

"மாமா, ஓசியில ஏரோப்ளேன் குடுக்கறானே, நடு வானத்துல கதவைத் தொறந்து கிட்னியைக் கேட்டா என்ன பண்ணுவே?"

"உன்னைக் காட்டி, இவன்கிட்ட எல்லாமே பெருசா இருக்கும், இவனை எடுத்துக்கோன்னுடுவேன்."

"அக்கா சொன்னது சரிதான். உனக்கு வாயில மட்டும் பிரேக்கே கெடையாது."

சின்ன விமான நிலையத்தில் சூப்பர்வைசர் வாசலிலேயே காத்திருந்தார். ஒல்லியான மனிதர், காதில் பஞ்சு. எங்களை ஒரு பெரிய கொட்டகைக்குள் அழைத்துப் போனார். உள்ளே கால் வைத்ததும் மச்சான்கூடப் பேச்சை நிறுத்திவிட்டான்.

ஏழெட்டு விமானங்கள் ஒன்றின் இறக்கைக்குக் கீழே இன்னொன்றின் மூக்கு போகிற மாதிரி நெருக்கி நிறுத்தப்பட்டிருந்தன. ஒன்றையொன்று தொடவில்லை. அத்தனையும் வெள்ளை. ஒரு நெளிசல் இல்லை, ஒரு கீறல் இல்லை, பின்பக்கம் யார் பெயரும் எழுதவில்லை. அடிபடாத வண்டியை நான் என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். தரையில் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. கையை நீட்டினேன், தொடவில்லை. தூங்குகிற குழந்தையைத் தொட யோசிக்கிற மாதிரி இருந்தது.

"இதே மாதிரி விமானம்தான் உங்களுக்கு வருது" என்று சூப்பர்வைசர் ஒன்றைக் காட்டினார். "நாங்க இங்க எவ்வளவோ நோயாளிங்கள ஏத்தியிருக்கோம். கால் ஒடஞ்சவங்க, மயக்கத்துல இருக்கிறவங்க. ஆனா உங்க பொண்ணு, சாயவே கூடாதுன்னு சொன்னாங்க..."

"என் எதுக்க ஒரு தடவை ஏத்திக் காட்டுங்க. பாத்துட்டு முடிவு பண்றேன்."

"யாரை ஏத்துறது?"

நான் மச்சானைப் பார்த்தேன். அவன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை.

ஸ்ட்ரெச்சர் வந்தது. படுத்தான். மார்பிலும் தொடையிலும் பட்டை போட்டு இழுத்தார்கள். நாலு தடியர்கள் தூக்கினார்கள்.

"மாமா, பொணம் மாதிரி இருக்கேனா?"

"பொணம் இவ்வளவு பேசாது. கம்முனு கெட."

விமானத்தின் கதவுதான் கீழே மடங்கிப் படிக்கட்டாகிறது. ஒருத்தன் ஏறலாம், இரண்டு பேர் ஏறினால் தோள் இடிக்கும். முன்னால் போனவர்கள் படியேறியதுமே ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கம் உயர்ந்தது. கீழே இருந்தவர்கள் தலைக்கு மேல் தூக்கிச் சமன் செய்தார்கள். அதுவரைக்கும் நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் கதவுக்கு உள்ளே போனால் எதிரே சுவர். உடனே பக்கவாட்டில் திருப்ப வேண்டும். ஸ்ட்ரெச்சரின் நீளத்துக்கு அங்கே இடம் கிடையாது. கீழே இருக்கிறவனுக்கு நின்று திருப்பத் தரை கிடையாது, படிதான். வேறு வழியில்லாமல் அதை நிமிர்த்தினார்கள். ஏறக்குறைய சுவரில் சாத்திவைத்த ஏணி மாதிரி ஆயிற்று. மச்சான் பட்டைக்குள்ளேயே சரசரவென்று கீழே வழுக்கினான். ஒரு பக்கமாகத் திரும்பி, முட்டி மடங்கி, மூட்டை மாதிரி தொங்கினான்.

"ஐயோ! விடாதீங்கடா! அம்மாடி!"

எப்படியோ உள்ளே திணித்துவிட்டார்கள். உள்ளேயிருந்து அவன் குரல் மட்டும் வந்தது. சிரிப்பில்லாத குரல்.

"மாமா... அக்காவை இப்படித்தான் ஏத்தப் போறியா?"

எனக்கு அங்கே அவன் தெரியவில்லை. அவள்தான் தெரிந்தாள். சில்லு நகர்கிற சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"இவன் குண்டன். அதான் இப்படி ஆச்சு."

"ஒல்லியானவங்க வந்தாலும் கதவு இதே அளவுதான் ஐயா" என்றார் சூப்பர்வைசர். அதில் கேலி இல்லை. கேலி இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

மகளுக்குப் போன் போட்டேன். "பெரிய எடத்துக்கே வரச் சொல்லு."

"சரிப்பா." அவ்வளவுதான் சொன்னாள். நான் சொன்னேனே கேட்டீர்களா என்று ஒரு வார்த்தை இல்லை. வைது தொலைத்திருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் என் மனைவியை ஒரு விசேஷ மெத்தையில் வைத்தார்கள். உள்ளே மணி மணியாக ஏதோ இருக்கிறது. அதிலிருந்து காற்றை உறிஞ்சினதும் அது கல்லாக இறுகி உடம்பின் வடிவத்தையே பிடித்துக்கொண்டது. அச்சில் வார்த்த மாதிரி கிடந்தாள். ஆம்புலன்ஸ் டிரைவர் நல்ல டிரைவர். நான் அவ்வளவு சீக்கிரம் யாரையும் அப்படிச் சொல்ல மாட்டேன். வேகத்தடை வந்தால் வண்டியை நிறுத்தியே விடுவார், பிறகு ஒவ்வொரு சக்கரமாக இறக்குவார். பின்னால் ஹாரன் அடித்து வைதார்கள். அவர் காது கேட்காதவர் போல இருந்தார். பாலத்துக்குப் பாலம் நான் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடையே வலித்தது.

பெரிய விமான நிலையம் என்றால் நெரிசல், வரிசை, கத்தல், பெல்ட்டைக் கழற்று, செருப்பைக் கழற்று என்று எதிர்பார்த்து, எல்லாக் காகிதத்தையும் உறையில் போட்டு மடியில் வைத்திருந்தேன். நாங்கள் அந்தக் கூட்டத்துப் பக்கமே போகவில்லை. செடி வரிசைக்கு நடுவில் ஒரு வாசல். உள்ளே தாழ்வான ஒரு கட்டடம், கண்ணாடிக் கதவு, நாலைந்து நாற்காலி, ஆளே இல்லை. காவலர் ஒருவர் ஆம்புலன்சுக்கே வந்து முகத்தையும் காகிதத்தையும் பார்த்தார், ஒரு கருவியால் எங்களைத் தடவினார், போங்கள் என்றார்.

"வரிசை எங்கம்மா?" என்று மகளைக் கேட்டேன்.

"இதான்ப்பா வரிசை. நாமதான்."

கட்டடத்திலிருந்து ஒரு பெண் குடையோடு ஓடிவந்தாள். எனக்குக் குடை பிடிக்கப் போகிறாளோ என்று கூச்சத்தில் நகர்ந்துகொண்டேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஆம்புலன்சிலிருந்து இறக்கினதும் என் மனைவியின் முகத்துக்கு நேரே குடையைப் பிடித்தாள். "வெயில் கண்ணுல படுதாம்மா?" என்று குனிந்து கேட்டாள். மல்லாந்து கிடக்கிறவளுக்கு வெயில்தான் முதல் தொந்தரவு என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

விமானம் அங்கே நின்றுகொண்டிருந்தது. சொன்ன இடத்தில், சொன்னபடி.

விமான ஓட்டி இறங்கிவந்தார். நரைத்த தலை. ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் ஒரு முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, நான்தான் உங்க டிரைவர்."

"ஒரு டிரைவரை நம்பித்தான் என் காலம் போச்சு" என்றாள் என் மனைவி. "நீங்களாவது மெதுவா ஓட்டுங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார். "மேல ஏறும்போது மூக்கு தூக்குமே, சாயாதான்னு கேப்பீங்க." அதைத்தான் கேட்க வாய் திறந்திருந்தேன். "இங்க ஓடுபாதை நீளம். சாவகாசமா ஓடி, மெதுவா ஏறுவேன். அந்தச் சின்ன எடமா இருந்தா வெடுக்குனு தூக்கியாகணும். நல்ல எடமாப் பாத்துத்தான் சொல்லியிருக்கீங்க."

மகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

தூக்கி வண்டி வந்தது. மேலே ஒரு சின்ன அறை அளவுக்கு மேடை. ஸ்ட்ரெச்சரோடு நாங்களும் அதில் நின்றோம். சத்தமே இல்லாமல் தரை எங்களை மேலே கொண்டுபோயிற்று. கதவின் வாசற்படிக்கும் மேடைக்கும் ஒரு விரல்கூட இடைவெளி இல்லை. ஆட்கள் அதில் ஊன்றி நின்று, தலைப்பக்கத்தைக் கோணலாக நுழைத்து, மட்டம் குலையாமல் வளைத்து உள்ளே விட்டார்கள். தண்ணீர்த் தட்டு என்றாரே டாக்டர், அப்படியே. உள்ளே ஒரு நீளச் சோபாவைப் படுக்கையாக்கி வைத்திருந்தார்கள். அவளை அதில் வைத்துக் கட்டினார்கள். கூட ஒரு நர்ஸ் உட்கார்ந்தாள்.

மகள் மேடையிலேயே நின்றாள்.

"நீ வரலியா?"

"நான் ஏறினதில்லப்பா" என்றாள். எத்தனையோ பேரை ஏற்றிவிட்டவள், எந்த விமானத்துக்கு எத்தனை சீட்டு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். ஒன்றிலும் கால் வைத்ததில்லையாம். எனக்கு அது தெரியாது. கேட்டதும் இல்லை.

"எடம் இருக்கும்மா, வாங்க" என்றார் விமான ஓட்டி. வாசற்படியைத் தாண்டும்போது குனிந்து தன் செருப்பின் அடியைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் தாயின் காலடியில் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் கையில் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதம்மா, நான் பிடிச்சிருக்கேன்."

"பிடிச்சிருக்கியா?" என்றாள் என் மனைவி. "எங்கடி?"

மகள் பிடியை இன்னும் இறுக்கினாள்.

விமானம் நகர்ந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஓடுபாதைக்குப் போகிற வழியில் பெரிய பெரிய விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம். மலை மாதிரி மூக்கு. உள்ளே நூற்றுக்கணக்கில் ஜனம். நாங்கள் அவற்றைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தோம்.

"என்னம்மா இது, வரிசையை முந்துறானே, சண்டைக்கு வர மாட்டாங்களா?"

மகள் முன்பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "நோயாளி இருக்காங்கன்னு இவரு கண்ட்ரோல் கோபுரத்துக்குச் சொல்லியிருக்காரு. அவங்க எல்லாத்தையும் நிக்கச் சொல்லிட்டாங்க. அம்மா போனப்புறம்தான் அவங்க போவாங்க."

லாரிக்காரன் என்றால் ரோட்டில் எல்லோருக்கும் இளக்காரம். கார் வந்தால் ஓரம் கட்டு, கொடி கட்டின கார் வந்தால் மண்ணிலேயே இறங்கு. ஒதுங்கி ஒதுங்கியே என் காலம் போனது. வாளி தூக்கி வழுக்கி விழுந்த ஒருத்திக்காக அன்றைக்கு அத்தனை மலையும் மூக்கைத் தாழ்த்தி நின்றது. யாரையாவது கும்பிட வேண்டும்போல் இருந்தது. யாரைக் கும்பிடுவது? கோபுரத்தில் இருக்கிறவன் முகம் தெரியாது. அந்தப் பக்கமாகப் பார்த்துக் கையை மட்டும் தூக்கினேன்.

ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. எப்போது தரையை விட்டது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. நர்ஸ் மெத்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அசையவில்லை என்று கட்டைவிரலைக் காட்டினாள்.

"எனக்குக் கூரைதான் தெரியுது" என்றாள் என் மனைவி. "வெளிய என்ன இருக்கு? சொல்லுங்களேன்."

எனக்கு எதையும் வர்ணிக்கத் தெரியாது. சரக்கு இறங்கியாச்சு, வண்டி கிளம்பியாச்சு, அவ்வளவுதான் என் பேச்சு.

"ஊரு தெரியுது" என்றேன்.

"ஊரு தெரியாம உங்க மாமியாரா தெரிவா? ஒழுங்காச் சொல்லுங்க."

ஜன்னலில் நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டு சொன்னேன். "நாம வந்த பாலம் எல்லாம் கோடு மாதிரி கெடக்கு. அதுல வண்டி நிக்குது, எறும்பு வரிசை. ஆறு இருக்கு. நாத்தம் இல்ல. வெயில்ல தகடு மாதிரி மின்னுது. மொட்டைமாடியெல்லாம் தெரியுது. எல்லா மாடியிலயும் துணி காயுது. யாரு வீட்டுத் துணின்னு தெரியல, எல்லாம் ஒரே பொட்டுப் பொட்டா..."

"அப்புறம்?"

"மேகம் வருது. இல்ல, நாமதான் அது மேல போறோம். ஐயோ... இது என்னடி இது." கீழே கண்ணுக்கு எட்டின மட்டும் வெள்ளை. மேடும் பள்ளமுமாக, ஒரு சக்கரத் தடம் படாத வெள்ளை. இத்தனை வருஷமாக இதற்குக் கீழேதான் வண்டி ஓட்டினேன். மழை வருமா வராதா என்று மட்டும் அண்ணாந்து பார்ப்பேன். மேலே இப்படி ஒன்று விரிந்து கிடக்கிறது என்று ஒருத்தனும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

"பேச்சையே காணோம்?" என்றாள்.

"இரு. பாத்துட்டுச் சொல்றேன்."

"உங்க கொரல் ஏன் இப்படி இருக்கு?"

"ஏசி ஒத்துக்கல."

அவள் நம்பவில்லை. கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள். அந்த நகரம் வருகிறவரைக்கும் தெரிந்ததெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவ்வளவு பேசினது கிடையாது. இறங்கினதும் தெரியவில்லை; சக்கரம் உருள்கிற சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது. அங்கேயும் ஒரு மேடை வந்து நின்றது. பொழுது சாய்வதற்குள் அவளை ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் எங்களை உள்ளே விட்டார்கள். அவள் பாதி மயக்கத்தில் கண் மூடிக் கிடந்தாள். ஆபரேஷன் செய்த டாக்டர் சின்ன வயசுக்காரர். இவனா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவர் போர்வையை விலக்கினார். பேனாவின் பின்பக்கத்தால் அவளுடைய வலது உள்ளங்காலில் கீழேயிருந்து மேலே ஒரு கோடு இழுத்தார்.

கால் விருட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது.

"எவன்டா அவன், கால்ல கிச்சுகிச்சு மூட்டுறது?" என்றாள் கண்ணைத் திறக்காமலே.

மகள் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் சிரித்துக்கொண்டே பேனாவைப் பையில் செருகப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தக் காலையும் ஒரு தடவை சொரண்டுங்க" என்றேன். "நான் பாக்கணும்."

சுரண்டினார். அவள் முன்னைவிடச் சத்தமாக வைதாள்.